வடக்குச் சுவருக்கு நல்லமிளகு

வெயில் அதிகம் படாத வடபுறச் சுவருக்கு மணி பிளான்ட் எதற்கு? பலாவிலும் அயனியிலும் (காட்டுப்பலா) ஏறும் நல்லமிளகுக்கு நிழல் பழக்கம்தான். ரகம் பார்த்து வாங்குங்கள். பன்னியூர் 1 வெளிச்சம் கேட்கும். நிழலுக்குக் கரிமுண்டா தேவலை. அதற்கும் மேலே வானம் தெரிய வேண்டும். கூரை மூடிய சந்தில் இலை வரும், சரம் வராது.

சுவரில் நேராக ஏற்றவே கூடாது. பெயின்ட் அடித்த சுவரில் கணுவேர் பிடிக்காது. பிடித்தால் மழைக்காலம் முழுக்கச் சுவர் காயாது. ஒரு சாண் தள்ளி 4 அங்குல பிவிசி குழாயை 2 அடி ஆழத்தில் நட்டு, மேலே ஒரு கிளாம்பால் சுவரோடு பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நுனிவரை கயிற்றுநாரை இடைவெளி விடாமல் சுற்றினால் வேர் அதில் இறங்கும். நார் சில வருடத்தில் மக்கும். அப்போது கொடி மொத்தமாகச் சரியாமலிருக்க, குழாயில் அடிக்கொரு துளையிட்டு நைலான் கயிறு கோத்து வையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது குழியில். சுவரோர மண்ணில் வீடு கட்டியபோது விழுந்த சிமெண்டும் சுண்ணாம்பும் கிடக்கும். மிளகுக்கோ லேசான புளிப்பு மண்தான் வேண்டும். ஒன்றரை அடிக் குழி தோண்டி, அந்த மண்ணை அப்படியே அகற்றி, விளையிலிருந்து (தோப்பிலிருந்து) மேல்மண் கொண்டுவந்து 5 கிலோ மக்கிய சாணத்தோடு நிரப்புங்கள். தூர் மேடாக இருக்கட்டும். கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டில் குழி வரவே கூடாது.

ஜூன் மழையோடு வேர்பிடித்த நாற்றை நடலாம். நம் குமரி மாவட்டம் 8 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிவெயில் வடக்குச் சுவரில்தான் விழும். முதல் கோடையில் தென்னையோலை சாத்தாவிட்டால் இளங்கொடி கருகும்.

கொடியைக் கொல்வது வாடல் நோய். மழைத்துளி தெறித்து மண்ணிலுள்ள கிருமி கீழிலைக்கு ஏறும். அதனால் தரையில் ஓடும் கொடிகளைச் சுருட்டிக் கட்டுங்கள், அல்லது பிப்ரவரியில் வெட்டி நாற்றுக்கு வையுங்கள். மழைக்கு முன்னும் ஆகஸ்டிலும் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தைத் தெளியுங்கள்: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 5 லிட்டரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு 5 லிட்டரில். பிளாஸ்டிக் வாளியில், துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கவேண்டும். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்துத் தீர்க்க வேண்டும்.

பொள்ளு வண்டு நிழலில்தான் அதிகம். மணியைக் குடைந்து உள்ளே வெறுமையாக்கிவிடும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை 21 நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 6 மில்லி வேம்பு மருந்து, சரமும் இலையடியும் நனையும்படி.