அந்த 6265ஐ எங்கே பார்த்தீர்கள்?

தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை கையெழுத்தாகாமல் திரும்பி வந்தது. ‘மொத்தக் கடினத்தன்மை’ என்ற வரிக்கு நேரே லிட்டருக்கு 196.6265 மில்லிகிராம் என்று எழுதியிருந்தேன். கால்குலேட்டர் காட்டியதில் ஓர் இலக்கத்தைக்கூட விடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு. அறிக்கைகளில் கையெழுத்திடும் மேடம் அந்தக் கடைசி நான்கு இலக்கங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, “தம்பி, இந்த 6265ஐ எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டார்.

கணக்கில் வந்தது என்றேன். “கணக்கு எதையும் பார்க்காது. பார்த்தது நீங்கள். வாருங்கள்” என்று, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கூம்புக் குடுவையில் 50 மி.லி. தண்ணீர், அம்மோனியா வாடையடிக்கும் தாங்கல் கரைசல், நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை. குடுவை திராட்சைச் சாறு போலச் சிவந்தது. கடினத்தன்மை தரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலை விடவிடச் சிவப்பு மங்கி ஊதாவாகி, ஒரு சொட்டில் நீலமாகிவிட்டது. “அந்தக் கடைசிச் சொட்டு எவ்வளவு இருக்கும்?” ஏறக்குறைய 0.05 மி.லி. “அதை லிட்டர் கணக்குக்கு மாற்றுங்கள்.” எங்கள் கரைசலில் 1 மி.லி. ஏறத்தாழ 1 மில்லிகிராம் கடினத்தன்மைக்குச் சமம்; 50 மி.லி. தண்ணீரை லிட்டராக்க இருபதால் பெருக்கினேன். ஏறத்தாழ 1 மில்லிகிராம் வந்தது.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டு கூடினாலோ குறைந்தாலோ விடையே ஒன்று நகர்ந்துவிடுகிறது. நானோ அந்தச் சொட்டைப் பத்தாயிரம் கூறாக்கி எண்ணிப் பார்த்தவன்போல் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டு 197 என்று எழுதினேன். கையெழுத்தானது.

ஓர் அளவில் எத்தனை இலக்கங்களை நம்பலாம் என்று சொல்லும் முக்கிய எண்ணுருக்கள் பிளஸ் ஒன் இயற்பியலில் முதல் பாடத்திலேயே வருகின்றன. விதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தப் பாடத்தில் பியூரெட் இல்லை. 0.00520இல் எத்தனை முக்கிய எண்ணுருக்கள் என்று கேட்டார்களே தவிர, அந்தக் கடைசிச் சுழியத்தை யார் எதைக் கொண்டு அளந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அந்தச் சிவப்பு வட்டம் மிச்சமாகியிருக்கும்.

சூடுபட்ட பூனையாகி, அடுத்த சில மாதங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். ஒவ்வொரு படியிலும் இலக்கங்களை வெட்டத் தொடங்கினேன். ஈ.டி.டி.ஏ. கரைசலின் வலிமையை வாரந்தோறும் சரிபார்ப்போம். ஒரு வாரம் 20.00 மி.லி. திட்டக் கால்சியம் கரைசலுக்கு 20.85 மி.லி. செலவானது; முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடையைப் பெருக்க வேண்டிய திருத்தக் காரணி 0.9592. நான் அதை ஒரு தசமத்துக்குச் சுருக்கி 1.0 என்று குறித்துக்கொண்டேன். அந்த வாரம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் வந்தது. 10.35 மி.லி. செலவு. என் கணக்கில் 207. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது 200. காரணியை வெட்டாமல் போட்டிருந்தால் 198.56, அதாவது 199. குடியிருப்போர் சங்கத்தார் கடினநீரை மென்னீராக்கும் இயந்திரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக அறிக்கை மேடத்தின் மேசையைத் தாண்டவில்லை. இலக்கங்களைக் குறைத்து முழுமைப்படுத்துவதைக் கடைசியில், ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். பாதிதான் கற்றிருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

இடையில் எக்செல் வந்தது. வேலை சுலபமானது; ஆனால் தராசு 1.2000 கிராம் என்று காட்டியதை உள்ளிட்டால், கட்டம் 1.2 என்று வைத்துக்கொண்டது. நான்கு தசமம் காட்டும் தராசுக்குக் கொடுத்த பணம் அந்த மூன்று சுழியங்களுக்குத்தான். கட்டத்தின் வடிவமைப்பை மாற்றினால் சுழியங்கள் வந்துவிடும். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே!

சரியாக 5இல் முடியும் எண் இன்னொரு தலைவலி. பள்ளியில் 5 என்றால் மேலே ஏற்றிப் பழகியிருப்போம், எக்செலின் ‘ரவுண்ட்’ கட்டளையும் அப்படியே ஏற்றுகிறது. முழுமைப்படுத்தும் விதிகளுக்கு இந்தியத் தரநிலைகள் எல்லாம் கைகாட்டும் ஐ.எஸ். 2 வேறு மாதிரி. மிஞ்சும் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் அப்படியே விடு, ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு என்கிறது. எப்போதும் ஏற்றிக்கொண்டே போனால் நூறு எண்களின் கூட்டுத்தொகை ஒரு பக்கமாக வீங்கும். இப்படிச் செய்தால் பாதி ஏறும், பாதி இறங்கும். ஒருமுறை ஆர்.ஓ. தண்ணீர் ஒன்றின் அமில-கார அளவான பி.எச். 6.45 என்று வந்தது. தரநிலையின் கீழ்வரம்பு 6.5. எக்செல் கணக்குப்படி 6.5, தேறிவிட்டது. ஐ.எஸ். 2 படி 6.4, தேறவில்லை. அறிக்கையில் 6.4 என்றே போட்டோம்; வாடிக்கையாளர் தொலைபேசியில் சண்டை பிடித்தார்.

இன்றும் நினைத்தால் உறுத்துவது தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஒன்று. அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை அங்கே பார்க்கலாம். புளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. சோதனைக்குச் சேர்க்கும் சாயத்தின் சிவப்பு, புளோரைடு இருந்தால் வெளுக்கும். வெளுப்பை நிறமானி அளக்கும். மாதிரியைப் பாதியாக நீர்க்கச் செய்து அளந்ததில் கருவி 0.773 காட்டியது. இரண்டால் பெருக்க 1.546. உடன் வேலை பார்த்த நண்பர் குறிப்பேட்டில் அதை 1.55 என்று எழுதி வைத்தார். அறிக்கைக்கு ஒரு தசமம் போதும் என்பதால் நான் அதை 1.6 ஆக்கினேன். 1.55ஐப் பள்ளி விதிப்படி பார்த்தாலும் ஐ.எஸ். 2 படி பார்த்தாலும் 1.6தான், எனவே சந்தேகமே எழவில்லை. ஆனால் 1.546ஐ ஒரே எட்டில் ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தால் 1.5. இருவரும் ஆளுக்கு ஒரு முறை முழுமைப்படுத்தி, கிணற்றை வரம்புக்கு வெளியே தள்ளிவிட்டோம். ஊராட்சியில் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டார்கள்.

பழைய தாள்களைச் சரிபார்க்கும்போது இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. திருத்திய அறிக்கை அனுப்பினோம். ஊராட்சித் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “கெட்ட தண்ணீர் என்று சொன்னதும் நீங்கள்தான், பரவாயில்லை என்பதும் நீங்கள்தான். இரண்டு வாரத்தில் தண்ணீர் மாறிவிட்டதா சார்?”

மாறவில்லை என்றேன். இரண்டு முறை முழுமைப்படுத்திய கதையைச் சொல்லத் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்திக்கொண்டேன். கருவியின் அந்த மூன்றாவது தசமத்தை நானே நம்பமாட்டேன். அதே மாதிரியை மறுநாள் அளந்தால் 1.5 வரலாம், 1.6ம் வரலாம். விதிப்படி 1.5 என்பது சரி. அதைக் காட்டி, ‘குடியுங்கள்’ என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

“பூட்டைத் திறக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார் அவர்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் ஊருக்கு வருகிறதா என்று கேட்டேன். வருகிறது, தினமும் இல்லை என்றார். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கத் துவைக்கக் கிணற்றைத் திறந்துவிடுங்கள் என்றேன். “இதை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாமே சார்” என்றார். அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அதன் பிறகு எங்கள் குறிப்பேட்டில் ஒரு பத்தி சேர்ந்தது. கருவி காட்டியதை வெட்டாமல் அங்கே எழுத வேண்டும். அறிக்கை தயாரிப்பவர் அதிலிருந்தே நேராக முழுமைப்படுத்த வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் பியூரெட் அளவை 10.2 என்று எழுதியிருந்தான். இரண்டாவது தசமம் எங்கே என்றேன். “சரியாகக் கோட்டில் நின்றது சார், சுழியம்தானே என்று விட்டுவிட்டேன்” என்றான். சிவப்புப் பேனாவைத் தேடினேன்.