வாடைக்கு முன் ஒரு கோழிக்கூடு

10.08.2024, சனி

திருகோணமலை உப்புவெளி வீட்டின் பின்வளவில், வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் இடையே, ஆறு ஊர்க்கோழிகளுக்கு ஒரு கூடும் அதனோடு ஒட்டிய வலையடைப்பும் அமைக்க இன்று இடம் குறித்தேன். கோழி வளர்ப்பு எனக்குப் புதிது என்பதால், முளையடித்து நூல் கட்டுவதற்கு முன்பே இந்த ஊரின் காற்றைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் அனலாக வீசும். ஐப்பசி பிறந்தபின் வாடைக்காற்று வடகிழக்கே கடற்பக்கமிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும். ஆகவே கூடு கிழக்கு மேற்காக நீண்டு நிற்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் அதன் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். வடகிழக்கு மூலையைப் பலகையால் அடைப்பதாக முடிவு செய்துள்ளேன்.

18.08.2024, ஞாயிறு

அறுகோணக் கண்ணுள்ள கோழிவலை மலிவு. ஆனால் அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கீரியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. அதனால் விலை கூடினாலும் அரை அங்குலக் கண்ணுள்ள, மூட்டுகள் பற்றவைத்த கம்பிவலையையே வாங்கினேன். அதன் கண்ணுக்குள் என் பெருவிரல் நுழையவில்லை. பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தம்பி, கீரியின்ர தலை போனா உடம்பும் போகும். கீழையும் பாருங்கோ" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தோண்டும் விலங்கு சுவரின் அடியிலேயே தோண்டத் தொடங்கும் என்பதால், வலையின் கீழ்விளிம்பை வெளிப்புறமாக ஒன்றரை அடி மடித்து மண்ணுக்குள் புதைத்தேன். இங்கே மணல் மண். அலவாங்கு (கடப்பாரை) இலகுவாக இறங்குகிறது, ஆனால் தூண் நிற்காது. ஆகவே ஒவ்வொரு தூணின் அடியிலும் கொங்கிரீட் இட்டேன். வெட்டிய கம்பி முனைகளை உப்புக்காற்று முதலில் தின்னும் என்பதால் அவற்றுக்கு வர்ணம் பூசினேன்.

31.08.2024, சனி

இன்று உள்வேலை. தளம் நான்குக்கு ஆறு அடி. கோழி ஒன்றுக்கு நான்கு சதுர அடி கிடைக்கிறது. இரண்டு அங்குல அகலமுள்ள சட்டத்தின் விளிம்புகளை இழைத்து, ஐந்தடி நீளத்தில் இருக்கைக் கம்பாகப் பொருத்தினேன். முட்டைப் பெட்டிகள் இரண்டும் அதைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். கோழிகள் உயரமான இடத்தைத் தேடி உறங்கும் இயல்புடையவை, பெட்டி உயர்ந்திருந்தால் அதற்குள்ளேயே தங்கி எச்சமிட்டு முட்டையை அழுக்காக்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தும் சிறகை உடலிலிருந்து விலக்கியும்தான் அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதனால் கூரைக்குக் கீழே நெடுகிலும் ஓரடி உயரத்துக்கு வலை மட்டும் அடித்தேன். எச்சத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் அவ்வழியே வெளியேறும். திருகோணமலையில் காற்றுப் புகாத கூடுதான் கோழிக்கு உண்மையான ஆபத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

14.09.2024, சனி

கூரை முடிந்தது. தகரம் மட்டும் போட்டால் நண்பகலில் உள்ளே கொதிக்கும். மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்தேன். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. அதை நினைத்து, சலாகைகளைத் தூண்களோடு இரும்புப் பட்டி கொண்டு இறுக்கினேன். நீர் வலையடைப்புக்குள் விழாதபடி சாய்வு பின்பக்கம் செல்கிறது.

12.10.2024, சனி

இளம் பேடுகள் வந்துவிட்டன. இருப்பிடம் பழகும்வரை அவற்றைக் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்து, இன்றுதான் அடைப்பில் விட்டேன். செம்பேடு உடனே வேப்பமரத்தடியில் குழி பறித்து, ஒருபக்கமாகச் சரிந்து, மண்ணை இறகுகளுக்குள் அள்ளி எறிந்து குளித்தது. உண்ணியும் பேனும் அண்டாமலிருக்க அவற்றுக்கு இது அவசியம். ஆகவே மழைக்காலத்திலும் அந்தக் குழி நனையாதபடி அதற்கு மேல் படங்கு கட்டப் போகிறேன். கோழிகளைக் கொல்லும் தொற்றான இராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றித் திங்கட்கிழமை கால்நடை வைத்தியரிடம் கேட்க வேண்டும்.