ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டிய கதை

மார்ச் 3, திங்கள்

இன்று தொடங்கிவிட்டேன். இத்தனை வருடமும் அலுவலகத்தில் பேச வேண்டி வந்தால், பக்கத்து மேசைக்காரரிடம் தாளை நீட்டி "இதைக் கொஞ்சம் ஸ்லைடாகப் போட்டுத் தாங்க சார்" என்பேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இருபதாம் தேதி நான் 15 நிமிடம் பேசியாக வேண்டும். கையில் இருப்பது படிப்படியாகச் சொல்லித்தரும் பவர்பாயின்ட் பயிற்சிப் புத்தகம். 2013 பதிப்புக்கு எழுதியது, என் கணினியில் இருப்பதோ புதியது. பொத்தான்கள் சில இடம் மாறியிருக்கின்றன, மற்றபடி ஒத்துப்போகிறது.

முதல் அத்தியாயம் 20 நிமிடத்தில் முடிந்தது. படி 1, படி 2 என்று சொன்னபடியெல்லாம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு அதையே மறுபடி செய்யப் பார்த்தால் ஒன்றும் நினைவில்லை. விரல் மட்டும்தான் பாடம் படித்திருக்கிறது. இனி ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு தடவை. ஒன்று புத்தகத்தைப் பார்த்து, அடுத்தது மூடிவைத்து, என் சொந்த விஷயத்தைப் போட்டு.

(ஸ்லைடைத் தமிழில் 'படவில்லை' என்று எழுத ஆசைதான். ஆனால் வாயில் வருவது ஸ்லைடு. அப்படியே இருக்கட்டும்.)

மார்ச் 4, செவ்வாய்

புது ஸ்லைடுக்கு கண்ட்ரோல் எம். இருக்கிற ஸ்லைடைப் படியெடுக்க கண்ட்ரோல் டி. ஆனால் ஒவ்வொரு புது ஸ்லைடிலும் தலைப்புக்கு ஒரு பெட்டி, உள்ளடக்கத்துக்கு ஒரு பெட்டி என்று கேட்காமலே வந்து நிற்கின்றன. ப்ளேஸ்ஹோல்டராம். எனக்கு வேண்டிய இடத்தில் அது இல்லை. பெட்டியே இல்லாத வெற்று லேஅவுட்டை, அதாவது ஸ்லைடின் அமைப்பை, எடுத்து, டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து, நினைத்த இடத்தில் எழுதிக்கொண்டேன். "முடிந்தவரை ப்ளேஸ்ஹோல்டரையே பயன்படுத்துங்கள்" என்று புத்தகத்தில் ஓரமாக ஒரு குறிப்பு இருக்கிறது. காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத அறிவுரையை நான் என்றைக்குக் கேட்டேன்?

மார்ச் 6, வியாழன்

அவுட்லைன் காட்சி. ஸ்லைடில் உள்ள எழுத்து மட்டும் இடப்பக்கம் ஒரே பட்டியலாக வருகிறது. டேப் அடித்தால் வரி உள்ளே போய்த் துணைக்குறிப்பாகிறது, ஷிஃப்ட் டேப் அடித்தால் வெளியே வருகிறது. பேச்சை முதலில் இங்கேயே எழுதிவிட்டு அழகு வேலையை அப்புறம் பார்க்கலாம். நல்ல வழி.

ஒரு விசித்திரம். நேற்று முன்தினம் நான் செய்த ஸ்லைடுகளுக்கு எதிரே எண் மட்டும் இருக்கிறது, எழுத்தே இல்லை. டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதியது அவுட்லைனுக்கு வராதாம். சரி, வராவிட்டால் போகட்டும்.

மார்ச் 8, சனி

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்தாம் அத்தியாயம் ஸ்லைடு மாஸ்டர், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான மூல அச்சாம். இரண்டு பக்கம் படித்தேன், கொட்டாவி வந்தது. தாண்டி ஏழுக்குப் போனேன்: அனிமேஷன். பச்சை நட்சத்திரம் என்றால் உள்ளே வரும், மஞ்சள் என்றால் இருந்த இடத்திலேயே ஏதாவது செய்யும், சிவப்பு என்றால் வெளியே போகும். மூன்றையும் ஒரே வரிக்குக் கொடுத்துப் பார்த்தேன். வந்தது, சுழன்றது, போனது. அதைப் படிக்கத்தான் நேரமில்லை.

எது எப்போது தொடங்குவது என்பதுதான் இதில் உண்மையான பாடம். சொடுக்கும்போதா, முந்தையதோடு சேர்ந்தா, முந்தையது முடிந்த பிறகா. அனிமேஷன் பேன் என்கிற பக்கப் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டால் வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, பேசப்போறீங்களா, வாணவேடிக்கை காட்டப்போறீங்களா?" என்றாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வரைபடத்துக்கு மட்டும் ஒன்றை வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

இன்று சிக்கிக்கொண்டேன். 18 ஸ்லைடு ஆகிவிட்டது. தலைப்பின் நிறம் கண்ணை உறுத்தியது, அளவும் பெரிது. ஒவ்வொன்றாக மாற்றினால் விடிந்துவிடும் என்று ஐந்தாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். மாஸ்டரைத் திறந்தால் மேலே பெரிதாக ஒரு ஸ்லைடு, அதன் கீழே சிறியதாக லேஅவுட்கள். மேலே உள்ளதில் தலைப்பின் நிறத்தையும் அளவையும் மாற்றிவிட்டு வெளியே வந்தேன். 7 ஸ்லைடு மாறியிருந்தது. 11 அசையவே இல்லை. அந்த 11-ம் நான் டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து செய்தவை.

ஓரக்குறிப்பின் காரணம் இப்போதுதான் புரிந்தது. ப்ளேஸ்ஹோல்டர் மாஸ்டரோடு கயிறு கட்டிய பெட்டி. அங்கே இழுத்தால் இங்கே அசையும். டெக்ஸ்ட் பாக்ஸுக்கு அந்தக் கயிறு கிடையாது. நான் எழுதிய தலைப்பு என் கண்ணுக்குத்தான் தலைப்பு, மென்பொருளுக்கு அது எங்கேயோ கிடக்கிற நாலு சொல். அவுட்லைனில் வராததும் அதனால்தான். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அந்த ஸ்லைடுக்குத் தலைப்பே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று அந்தக் குறிப்பிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இரண்டு மணி நேரம் பழுதுபார்ப்பு. ஒவ்வொன்றிலும் லேஅவுட்டை மாற்றி, எழுத்தை வெட்டி, புதிதாக வந்த பெட்டிக்குள் எழுத்து மட்டும் விழும்படி ஒட்டி, காலியான டெக்ஸ்ட் பாக்ஸை அழித்து. இடம் நகர்ந்துபோன பெட்டிகளுக்கு ரீசெட் ஒரு வரப்பிரசாதம், ஒரே சொடுக்கில் எல்லாம் லேஅவுட் சொன்ன இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நடுவே இன்னொரு கூத்து. அடியில் ஒரு கோடு போடலாம் என்று மாஸ்டருக்குப் பதில் ஒரு லேஅவுட்டில் போட்டுவிட்டேன். அந்த லேஅவுட்டை எடுத்த 4 ஸ்லைடில் மட்டும் கோடு வந்தது.

மார்ச் 15, சனி

புத்தகம் வாய் திறக்காத விஷயம்: தமிழ். உள்ளடக்கப் பெட்டியின் வரி இடைவெளி வழக்கமான தீமில் (கூடவே வருகிற ஆயத்த வடிவமைப்பில்) 0.9. ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் மேல் வரியின் உகர வால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கிறது. மாஸ்டரில் 1.1 ஆக்கினேன். இந்தத் தடவை 18-ம் கேட்டன. அந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நம் சொற்கள் நீளம் வேறு. தலைப்பு மூன்று வரியாக வழிகிறது, உள்ளடக்கப் பெட்டியில் கூட்டம் சேர்ந்தால் எழுத்து தானாகச் சுருங்குகிறது. சுருங்கினால் சொல்லைக் குறைக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேசைக்காரரின் பழைய கோப்பிலிருந்து ஒரு ஸ்லைடு எடுக்கப் பார்த்தேன். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. பாமினியில் அடித்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு அது, இல்லாத கணினியில் குட்டு வெளிப்பட்டுவிடும். யூனிகோடில் மறுபடி அடித்தேன். விண்டோஸ் 8-லிருந்து கூடவே வருகிற நிர்மலா யூஐ எழுத்துரு போதும்.

அந்த ஸ்லைடு 10 அங்குலம் அகலம், என்னுடையது 13.33. உயரம் இரண்டுக்கும் 7.5. திரையில் காட்டுவதை எதற்கு அங்குலத்தில் அளக்கிறார்கள்? 1987-ல் மேக்கின்டாஷுக்கு வந்த முதல் பவர்பாயின்ட் கறுப்பு வெள்ளை. ஸ்லைடை அச்சடித்து ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைத்த காலம். தாளின் அளவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

மார்ச் 16, ஞாயிறு

கோப்பு 48 எம்பி. படங்களை வெட்டினேனே என்றால், வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கிறதாம், போகவில்லை. கம்ப்ரெஸ் பிக்சர்ஸில் வெட்டிய பகுதியை நீக்கச் சொன்னதும் 6 எம்பி.

மார்ச் 18, செவ்வாய்

கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை. எஃப் 5 முதலிலிருந்து, ஷிஃப்ட் எஃப் 5 நிற்கிற ஸ்லைடிலிருந்து. பி அடித்தால் திரை கறுப்பாகும், பார்வை என் பக்கம் திரும்பும். அது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஒத்திகை நேரத்தை அளக்கும் ரிஹர்ஸ் டைமிங்ஸ் கணக்கு 22 நிமிடம். ஒன்பதாவது ஸ்லைடு மட்டும் நாலு நிமிடம் தின்றிருக்கிறது, அதில் பாதி நான் தடுமாறியது.

நான்கு ஸ்லைடுகளை அழிக்க மனம் வரவில்லை, மறைத்துவைத்தேன். இரண்டாம் ஒத்திகை 16 நிமிடம். பதினாலாவதில் செலவுக் கணக்கு இருக்கிறது. யாராவது கேட்டால் 14 அடித்து என்டர் தட்ட வேண்டும், மறைந்திருந்தாலும் வந்துவிடும். புத்தகத்தை மூடிவைத்து மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன்.