கீழக்கரை பக்கம் கொல்லையில ஒரு உலை: போட்டதும் மாத்துனதும்

இரும்பு அடிக்கிறது எனக்கு பொழப்பு இல்ல, ஆசை. வீடு கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல, கொல்லையில ஒரு தகர ஷெட் இருக்கு, அதுலதான் உலை. வீடியோல காட்டுற உலை பெரும்பாலும் நிலக்கரிக்கோ கேஸுக்கோ போட்டது, நம்ம கரைக்கு அப்படியே ஒத்து வராது, இங்க கிடைக்கிற கரி வேற, அடிக்கிற காத்து வேற, மண்ணும் வேற.

கரி விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம்தான். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலத்த வெட்டி மூட்டம் போட்டு எடுக்குற கரி மூட்டை மூட்டையா கிடைக்கும். மரக்கரில கந்தகம் இல்லன்னே சொல்லலாம், நிலக்கரி மாதிரி கிளிங்கர், அதாவது உருகி இறுகுன சாம்பல், கட்டி கட்டியா அடியில சேராது. வாங்கும்போது சரியா வேகாத கட்டைய ஒதுக்கிடுங்க, புகைஞ்சே கொல்லும். பெருநெல்லி சைசுக்கு உடைச்சு, தூள சலிச்சு தள்ளிட்டு, ஈரக்காத்து படாம மூடி வைக்கணும்.

நான் முதல்ல போட்டது எல்லாரும் போடுறதுதான், லாரி பிரேக் டிரம், அடியில ஓட்டை, அதுல பைப், பைப்புக்கு காத்து ஊதுற ஒரு சின்ன ப்ளோயர். கொக்கி, ஆணி, உளி எல்லாம் அதுல அடிக்கலாம். ஆனா மரக்கரி லேசு, கீழருந்து காத்து வேகமா வந்தா பொறி பொறியா மேல கிளம்பும், பக்கத்துல ஓலைக் கொட்டகை இருக்குற ஊர்ல அது சரிப்படாது. ஏர்வாடி பக்கம் பட்டறை வெச்சிருக்குற ஆசாரி அண்ணன் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "தம்பி, காத்த கொறைப்பா, கரி வீணா போகுது பாரு, குழாய பக்கவாட்டுல குடு"ன்னாரு. நான் பண்ணதுல பெரிய மாற்றம்னா அதுதான். செலவும் ரொம்ப இல்ல.

செங்கல் வெச்சு நீளவாக்குல ஒரு பள்ளம், உள்ள களிமண் பூச்சு, பக்கவாட்டுல பைப், பைப்புக்கும் ப்ளோயருக்கும் நடுவுல திறந்து மூடுற மாதிரி ஒரு தகடு. களிமண் கண்மாய் மண்ணு, கலக்குற மணல் ஆத்து மணலா இருக்கணும். கடக்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதுல கிடக்குற சிப்பித் துண்டு உலைச் சூட்டுல சுண்ணாம்பாயிடும், அப்புறம் ஈரம் பட்டதும் பூத்து பூச்சையே உதிர்த்துடும். பவளக்கல்லுக்கும் இதே கதைதான். பூச்சு போட்டு நல்லா நிழல்ல காயவிட்டு, சின்ன தீயா போட்டு மெதுவா சூடேத்துங்க, ஈரத்தோட பெருசா மூட்டினா வெடிக்கும்.

அடுத்து ஆழம். காத்து வர்ற வாய்க்கு நேரா இரும்ப வெச்சா செதில் செதிலா உரியும். அதுக்கு மேல நாலு விரக்கடை கரி இருந்து, அதுக்கும் மேல இரும்பு இருக்கணும், அங்க போறதுக்குள்ள ஆக்சிஜன் பெரும்பாலும் தீர்ந்துடும், இரும்பு சுத்தமா பழுக்கும். அங்க இருக்குறது கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயு, வாசனையே தெரியாது, அதனால ஷெட்ட அடைச்சு வெச்சு வேலை செய்யாதீங்க. கச்சான்னு சொல்ற மேல்காத்து அடிக்கிற ஆனி ஆடியில மேற்குப் பக்கம் மட்டும் தட்டி கட்டி மறைச்சுட்டு, மத்த பக்கம் திறந்தே விட்டுடுவேன்.

பழைய இரும்பு எடுக்கும்போது ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம கரையில துருவுக்கு பயந்து பைப்பு, செயின், போல்ட்டு எல்லாமே ஜிஐதான், அதாவது துத்தநாகம் பூசின இரும்பு. அத உலையில போட்டா மேல இருக்குற துத்தநாகம் 907 டிகிரியில ஆவியாகி வெள்ளப் புகையா வரும், மூச்சுல போனா குளிர் காய்ச்சல் மாதிரி தூக்கிப்போடும். ஜிஐய வாங்காதீங்க, அவ்ளோதான். கத்தி, அரிவாளுக்கு லாரி ஸ்பிரிங் பட்டா நல்லது, கார்பன் அரை சதவீதத்துக்கு மேல இருக்கும். தோய்ச்சல் போட, அதாவது பழுத்த இரும்ப எண்ணெயில முக்கி கெட்டியாக்க, சாயங்காலம்தான் சரி, வெயில்ல நிறம் தெரியாது. பழுக்கப் பழுக்க காந்தத்த காட்டிட்டே இருங்க, 770 டிகிரி வாக்குல ஒட்டாது, அதுக்கு மேல கொஞ்சம் ஏத்தி எண்ணெயில விடணும். ஆறுனதும் லேசா வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் திரும்ப சூடு காட்டணும், இல்லன்னா கண்ணாடியா உடையும்.

இரும்ப வெச்சு அடிக்கிற பட்டறைக்கல்லுக்கு தண்டவாளத் துண்டு தேடாதீங்க, அது ரயில்வே சொத்து, முறையா வந்ததுன்னு காட்ட முடியலன்னா 1966ல வந்த சட்டப்படி கையில வெச்சிருந்தாலே கேஸ். நான் பழைய இரும்புக்கடையில கனமான ஷாஃப்ட் துண்டு ஒண்ணு வாங்கி, வேப்பங்கட்டையில நெட்டுக்குத்தலா இறக்கி வெச்சேன். அகலம் கம்மியா இருந்தாலும் சுத்திக்கு நேர் கீழ அவ்வளவு கனமும் இருக்குறதால அடி வீணாகாது.

கேஸ் உலை கடைசியா வந்தது. கனமான பைப்புத் துண்டுக்குள்ள 1260 டிகிரி தாங்குற செராமிக் கம்பளி ரெண்டு அடுக்கு, மேல ஃபயர் சிமெண்ட் பூச்சு. அந்தக் கம்பளித் தூள் நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல், வெட்டும்போது நல்ல மாஸ்க் போடணும், பூசாம பத்த வைக்கக்கூடாது. வீட்டு சிலிண்டர இதுக்கு தொடாதீங்க, 19 கிலோ கமர்ஷியல்தான், கேஸ் காத்த விட கனம், தரையிலயே தங்கும், அதனால தட்டிக்கு அடியில இடைவெளி விட்டுருக்கேன். ஒரே மாதிரி கொக்கி நிறைய அடிக்கணும்னா கேஸ் சௌகரியம். நீளமான பட்டாவுல ஒரு இடத்த மட்டும் பழுக்க வைக்கணும்னா, இல்ல ரெண்டு இரும்ப ஒட்டணும்னா, எனக்கு இப்பவும் கரி உலைதான்.

உப்புக்காத்துல ப்ளோயர் பேரிங் சீக்கிரம் இறுகிடும், கிரீஸ் வெச்சு பாலித்தீன் போட்டு மூடிடுங்க. சுத்தி, குறடு, ஷாஃப்ட் முகம் எல்லாத்துக்கும் வேலை முடிஞ்ச கையோட எண்ணெய் துணி ஒரு இழு இழுத்துடணும்.