யாருக்கும் தெரியாத சேலை

நவம்பர் 19, 2024

மதியம் ஒரு போன். டிவி நிருபர். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு ஐந்து நிமிடத் தொகுப்பு ஒன்று செய்கிறார்களாம். எச்ஐவி உள்ளவர்களுக்கான எங்கள் சங்கத்து அக்கா என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். (என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.) பையனுக்குக் குரலே இன்னும் முற்றவில்லை.

"முகம் தெரியாதுக்கா. பிளர் பண்ணிடுவோம். பேரும் மாத்திடுவோம்."

யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. ஊர் பெயரை எழுதமாட்டேன், லாரிகள் அதிகம் உள்ள ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடவே இன்னொரு அடையாளத்தையும் எழுதிவிட்டு அழித்தேன். அது இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கே வழி சொல்லிவிடுவீர்கள். சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.

நவம்பர் 21

பிளர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கிளிப்பச்சைச் சேலைதான் ஞாபகம் வரும்.

பதினேழு வருஷம் ஆகிவிட்டது. என் கணவர் இறந்து ஒரு வருஷம்கூட முடியாத நேரம். விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பேப்பரில் படம். கண்கள்மேல் கறுப்புப் பட்டை. பேர் இல்லை, ஊர் இல்லை. அவர்கள் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

ஆனால் சேலை? கிளிப்பச்சையில் கடுகு மஞ்சள் பார்டர், அவர் கடைசியாக எடுத்துக் கொடுத்த தீபாவளிச் சேலை. எங்கள் தெருவில் அதன் விலையைக் கேட்காத பெண் கிடையாது. போதாக்குறைக்கு மடியில் மஞ்சப்பை, அதில் அவர் வேலை பார்த்த பட்டறையின் பெயர் பாதி தெரிந்தது. கண்ணை மறைத்த புண்ணியவான் பையை மறைக்கவில்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், சண்டையாவது போட்டிருப்பேன். நாத்தனார் வீட்டுக் காதுகுத்தில் எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்குப் பேப்பர் கப். "டம்ளர் சூடா இருக்கும்னுதான்" என்றார்கள். பேப்பர் கப்பில் விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்ததால் விரலெல்லாம் சுட்டது. அடுத்த மாதம் வீட்டுக்கார அம்மா, ஊரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருகிறான், வீடு தேவைப்படுகிறது என்றார். அந்தத் தம்பி இன்றுவரை வந்ததாகத் தகவல் இல்லை.

சேலையை எரிக்க மனசு வரவில்லை. தலையணை உறையாகத் தைத்துவிட்டேன்.

நவம்பர் 25

மாத்திரை வாங்கும் நாள். எங்கள் ஊரிலேயே கிடைக்கும். ஆனாலும் இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்குப் போகிறேன். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏஆர்டி மருந்து (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்து) கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் தொடங்கிய மையங்களில் சென்னையின் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று தாம்பரம் வரை போய், அங்கிருந்து திரும்பி நடந்தவர்களை எனக்குத் தெரியும். அதோடு பார்த்தால் என் இரண்டு பஸ் பெரிய விஷயமே இல்லை.

வரிசையில் எங்கள் ஊர் முகம் ஒன்று. மளிகைக் கடையில் அடிக்கடி பார்க்கும் பெண். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துக் குனிந்துகொண்டோம். நாளைக்குக் கடையில் பார்த்தால் துவரம்பருப்பு விலையைப் பேசுவோம்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். உள்ளே பஞ்சு திணித்தேன். இல்லையென்றால் கைப்பையில் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, அதற்குள் மூன்று மருந்து. இந்த வருஷமும் என் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில்தான் இருக்கிறது. அந்த நிலையிலேயே தொடர்ந்தால் உடலுறவில்கூட இன்னொருவருக்குத் தொற்றாது. காபி டம்ளர் எம்மாத்திரம்?

பேட்டி விஷயத்தை ஆலோசகர் மேடத்திடம் சொன்னேன். 2017-இல் கொண்டுவந்த எச்ஐவி சட்டத்தைப் பற்றி விளக்கினார். 2018 செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்தது. எட்டாம் பிரிவின்படி, நம் நிலையைச் சொல் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட் உத்தரவு இருந்தால் தவிர. வழக்குக்கூட மாற்றுப் பெயரில் நடத்தலாம். நம்மேல் வெறுப்பைக் கிளப்புகிற மாதிரி எதையாவது வெளியிட்டால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. "சம்மதம்னா எழுத்துல குடுங்க. எதுக்கு, எத்தனை தடவைன்னு எழுதுங்க" என்றார்.

நவம்பர் 26

தூக்கம் வரவில்லை. சாத்தூர் ஞாபகம்.

அந்தச் சட்டம் அமலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது, 2018 டிசம்பர் கடைசியில் வெளியே வந்தது. பகல் முழுக்க அதே செய்தி. "பாவம், அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல" என்று என் பக்கத்துத் தையல் மெஷினில் இருந்தவள் உச்சுக்கொட்டினாள். நானும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அவள் தப்புப் பண்ணவில்லை என்றால், நாங்களெல்லாம் பண்ணினோமா?

ரத்தம் கொடுத்த பையனுக்கு வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தன் நிலை தெரிந்தது. தெரிந்ததும் அவனே போய்ச் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்காக யாரும் உச்சுக்கொட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"எப்படி வந்தது?" என்ற கேள்விதான் எங்களை விடாமல் துரத்துகிறது. முன்பு சுவர் சுவராக "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். நோயைப் பற்றிப் பேசவைத்தது, அது நல்லதுதான். கூடவே, யாருக்கு வந்தாலும் அவர் கண்ட பெண்களிடம் போகும் ஒரு புள்ளி ராஜாவாகத்தான் இருப்பார் என்ற நினைப்பையும் ஒட்டிவிட்டுப் போனது.

காலையில் நிருபர் தம்பிக்குப் போன் செய்து சரி என்றேன். "எப்படி வந்தது" என்று மட்டும் கேட்கக்கூடாது.

நவம்பர் 28

படப்பிடிப்பு சங்க அலுவலகத்தில். சேலை என்னுடையது இல்லை. மாத்திரை வரிசையில் பழக்கமான தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கியது, சாம்பல் நிறக் காட்டன். எங்கள் தெருவில் யாரும் பார்த்திராத சேலை. இடது கையில் குக்கர் சுட்ட தழும்பு இருக்கிறது, அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். மகள் நேற்றே எச்சரித்தாள்: "குரலை மாத்தினாலும் நீ பேச்சுக்குப் பேச்சு 'அதானுங்களே'ன்னு சொல்லுவ. நம்ம தெரு கண்டுபிடிச்சிரும்." பேட்டி முழுக்க அந்த வார்த்தையை முழுங்கி முழுங்கித் தொண்டையே வறண்டுவிட்டது.

மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். ஜன்னல் பக்கம் நின்று, "கொஞ்சம் சோகமா" வெளியே பார்க்கச் சொன்னார்கள். வெளியே மூத்திரச் சந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கௌசல்யா மேடமெல்லாம் முகத்தைக் காட்டித்தானேக்கா பேசுறாங்க?" என்றான். கௌசல்யா பெரியசாமியைச் சொல்கிறான். 1998-இல் எச்ஐவி உள்ள பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கியவர், அவரால்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சமாவது வாய் திறந்தது. "அவங்களா முடிவு பண்ணிக் காட்டினாங்க தம்பி" என்றேன்.

"பேரும் இல்லாம முகமும் இல்லாம யாரு நம்புவாங்கக்கா?"

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் தெரிந்தது 1986-இல், சென்னையில். அதைக் கண்டுபிடித்த மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா, இருவர் பெயரும் வெளியே தெரியும். யாருடைய ரத்த மாதிரிகளில் அது தெரிந்ததோ அந்தப் பெண்கள், ஆறு பேர், யார் என்று நாட்டுக்குத் தெரியாது. நம்பாமலா இத்தனை வருஷம் வைத்தியம் நடக்கிறது? கேட்டேன். பையன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

கடைசியில் மகள் எழுதித் தந்த சம்மதக் கடிதத்தைக் கொடுத்தேன். ஒரே ஒருமுறை, டிசம்பர் 1 மட்டும், யூடியூபில் போடக்கூடாது. "யூடியூப் இல்லாமலாக்கா?" என்று தலையைச் சொறிந்தான். கையெழுத்துப் போட்டான்.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் மழை, வெள்ளம், படகு. இங்கும் விடாமல் பெய்கிறது. நானும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் தொகுப்பு வரவில்லை. அங்கே வீடு மூழ்கி நிற்கிறார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தது.

டிசம்பர் 4

தம்பி பேசினான். திருவண்ணாமலை மண்சரிவுக்கு அவனையும் அனுப்பியிருக்கிறார்கள். தூங்கி இரண்டு நாள் ஆனதாம். "அடுத்த வருஷம் போட்டுரலாம்க்கா."

"டிசம்பர் 1-னு மட்டும்தானே தம்பி எழுதிக் குடுத்தேன்? அழிச்சிருங்க."

"சர்வர்ல ஏத்தியாச்சுக்கா. டெஸ்க்ல கேக்கணும்."

சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வைத்தேன். திருப்பித் தர எப்போது வரட்டும் என்று தோழிக்குப் போன் செய்தேன், சர்வர் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீயே வச்சுக்கோ" என்றாள். "அது என்னைக்காவது டிவியில வந்தா, எங்க தெருவுல நான் எப்படிடி அதைக் கட்டுறது?"