ஸிரோ இசை விழாவுக்குப் பை கட்டுகிறீர்களா? முதலில் காலைக் கவனியுங்கள்

திறந்தவெளி இசை விழாவுக்கு முதன்முறை போகிறவர்கள் எல்லோரும் கேட்பது "என்ன டிரெஸ் எடுத்துட்டுப் போறது?" என்றுதான். அருணாசலப் பிரதேசத்து ஸிரோவுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: முதலில் கம்பூட் வாங்குங்கள். எங்கள் ஈரோட்டில் சாயப்பட்டறைக்காரர்கள் போடுகிற அதே முழங்கால் உயர ரப்பர் பூட்தான். ஆயிரக்கணக்கில் விலை போட்ட ட்ரெக்கிங் ஷூவெல்லாம் அந்தச் சேற்றில் முதல் நாள் மாலையே தண்ணீர் குடித்துவிடுகிறது. விழா முடியும்வரை அது காயாது.

திரும்பி வந்த வேகம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பையில் அடியில் வைப்பதில் தொடங்கி மேலே வைப்பது வரைக்கும் வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. பார்க்கலாம்.

ஸிரோ விழாவை 2012இல் பாபி ஹனோவும் அனூப் குட்டியும் தொடங்கினார்கள். செப்டம்பர் மாதக் கடைசியை ஒட்டி நான்கு நாள் நடக்கும். மேடை முதல் கடைகள் வரை எல்லாமே உள்ளூர் அபதானி மக்கள் மூங்கிலில் கட்டியவை. சூரியன் பெயரில் பகல் மேடை, சந்திரன் பெயரில் இரவு மேடை. சுற்றிலும் விளைந்த நெல் வயல், அதற்கு அப்பால் பைன் மரங்கள், மேகம். மழைக்காலம் இன்னும் முழுசாக முடியாத நேரம் அது. வானம் எப்போது கொட்டும் என்று உள்ளூர்க்காரர்களுக்கே தெரியாது. பையில் வைக்கும் ஒவ்வொரு சாமானையும் இதை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நானும் அக்கா மகனும் போனோம். அவனுக்குக் கல்லூரி கடைசி வருடம், கிடார் வாசிப்பான். கிளம்புவதற்கு முதல் நாள் "சித்தி, ட்ராலியவே எடுத்துக்கட்டுங்களா?" என்றான். கூடவே கூடாது என்றேன். விழாத் திடலின் சரிவில் ட்ராலியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது அவனே என்னைத் திரும்பிப் பார்த்தான். சக்கரம் சேற்றில் புதைந்து, நான்கு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முதுகில் மாட்டுகிற பைதான் சரி. 50 லிட்டருக்கு மேல் வேண்டாம். திடலுக்குள் எடுத்துப் போக, தோளில் குறுக்காக மாட்டும் சின்னப் பை ஒன்று தனியாக.

பைக்குள் எதை வைப்பதற்கும் முன்னால் இன்னர் லைன் பெர்மிட். 1873ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கால ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதால், வெளி மாநில இந்தியர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் அருணாசலத்துக்குள் நுழைய முடியாது. ஆன்லைனிலேயே எடுக்கலாம். எடுத்தால் மட்டும் போதாது, காகிதத்தில் மூன்று நான்கு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாஹர்லகுன் ஸ்டேஷனில் இறங்கியதுமே பார்க்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லை என்று அங்கே நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ரயில் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் ஈரோட்டில் நிற்கிறது. பெட்டியில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து ஊருக்குப் போகிற அசாம் பையன்கள். நல்ல துணை. குவாஹாட்டியில் இறங்கி, இரவு டோன்யி போலோ எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலை நாஹர்லகுன். காசு இருப்பவர்கள் இட்டாநகருக்கு விமானத்தில் வரலாம். ஹோலோங்கியில் 2022இல் புது விமான நிலையம் திறந்துவிட்டார்கள். எங்கள் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை.

நாஹர்லகுனிலிருந்து ஸிரோ சுமார் 100 கிலோமீட்டர், மலைப்பாதை. ஷேர் சுமோவில் போக வேண்டும். எனக்கு இன்னும் கொதிப்பு அடங்காத இடம் இதுதான். ஸ்டேஷன் வாசலில் ஒரு டிரைவர் சீட்டுக்கு 700 ரூபாய் என்று பேசினார். சரி என்று ஏறினோம். பைகளையெல்லாம் மேலே ஏற்றிக் கயிறு கட்டினார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு, பைக்கு ஆளுக்கு 300 தனி என்றார். கூட வந்த கல்கத்தா மாணவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். நான் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏறும்போது பேசியது என்னவோ அதுதான். இறக்கிவிடுவேன் என்றார், இறக்குங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியும் அவருடைய இந்தியும் டீக்கடை வாசலில் கால் மணி நேரம் மோதின. கடைசியில் கடைக்கார அம்மா வெளியே வந்து அவர்கள் மொழியில் நாலு வார்த்தை சொன்னார். என்ன சொன்னாரோ, மனுஷன் பேசாமல் போய் வண்டியை எடுத்தார். மாணவர்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம். விழாவுக்கு வருகிற பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் இப்படிப் பிடுங்குவது அநியாயம். பை மேலே ஏறுவதற்கு முன்பே "சாமானோடு சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பும்போது ஸிரோவின் டவுன் பகுதியான ஹபோலியில், சுமோ கவுன்ட்டரில் ரசீது போட்டு வந்தோம், ஒரு தொந்தரவும் இல்லை, காசும் குறைவு.

வண்டி மேலே போட்ட தார்பாயை நம்பவே நம்பாதீர்கள். வழியில் பெய்த மழையில் எல்லோருடைய பையும் நனைந்தது. எங்கள் துணி மட்டும் தப்பியது, காரணம் பெரிய குப்பைக் கவர். பைக்குள் அதை முதலில் விரித்து, அதற்குள் துணியை அடுக்கி, வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கு உள்ளேயும் ஒவ்வொரு நாள் துணியும் தனித்தனி ஜிப் கவரில். பை மேல் மாட்டுகிற ரெயின் கவர் முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீரை விட்டுவிடும். பத்து ரூபாய் குப்பைக் கவர் விடாது.

குடை வேண்டாம். பின்னால் நிற்கிறவருக்கு மேடை தெரியாது, உங்களுக்குக் கைதட்ட ஒரு கை இருக்காது. மேல்சட்டை, பேன்ட் என்று இரண்டு துண்டாக வரும் ரெயின்கோட்தான் நல்லது. ஒரே துண்டாகப் போர்த்துகிற போன்சோ சரிவில் ஏறும்போது காலில் சிக்குகிறது. ஜீன்ஸ் கூடாது, நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாது. சீக்கிரம் காய்கிற பேன்ட் இரண்டு போதும். சாக்ஸ் மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுங்கள். அதில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், டென்ட்டுக்குள் தூங்கும்போது மட்டும் போட, வெளியே எடுக்கவே கூடாது.

கம்பூட்டை ஊரிலிருந்து சுமந்துகொண்டு வர வேண்டியதில்லை. ஹபோலி கடைத்தெருவில் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெரிய பாதம் உள்ளவர்கள் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் சைஸ் தீர்ந்துவிடுகிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கி உள்ளே இரண்டு சாக்ஸ் போட்டால் குதிகாலில் உரசாது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் யோசிக்காத விஷயம் இருட்டு. நாடு முழுக்க ஒரே கடிகாரம், ஆனால் ஸிரோ அவ்வளவு கிழக்கே இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மாலை 5 மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். 6 மணிக்குக் கும்மிருட்டு. கச்சேரி அதற்கப்புறம்தான் களைகட்டும். ராத்திரி திடலிலிருந்து டென்ட்டுக்கு வயல் வரப்பில் நடக்க வேண்டும், ஒரு அடி தப்பினால் தண்ணீரில் கால். தலையில் மாட்டுகிற ஹெட்லாம்ப் கட்டாயம் வேண்டும். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் பேலன்ஸ் செய்ய முடியாது, சார்ஜும் போய்விடும்.

உயரம் 1,500 மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட நம் ஏற்காடு. ஊட்டிக் குளிர் அளவுக்கெல்லாம் போகாது. ஆனால் பகலெல்லாம் நனைந்த உடம்பு ராத்திரி புல்வெளியில் நிற்கும்போது நடுங்கிவிடும். ஒரு தெர்மல், ஒரு ஸ்வெட்டர், காதை மூடுகிற குல்லா. பெரிய ஜாக்கெட் இடத்தை அடைக்கும், வேண்டாம்.

டென்ட் விஷயத்தில் எனக்குக் கோபம் இருக்கிறது. வாடகை டென்ட்டுக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு ஆயிரத்தைத் தாண்டி வாங்கினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தரையில் மெல்லிய ஒரு ஷீட், அடியில் ஈரம் ஊறி வருகிறது. அந்தக் காசுக்கு இது அடாவடி. நாங்கள் கொண்டுபோயிருந்த சின்னத் தார்பாய்தான் காப்பாற்றியது. டென்ட்டுக்குள் விரித்து, மேலே ஃபோம் பாய், அதற்கும் மேலே சொந்த ஸ்லீப்பிங் பேக். நைலான் கயிறு பத்து அடி எடுத்துக்கொள்ளுங்கள், துணி காயப்போட, டென்ட்டை இழுத்துக் கட்ட, எல்லாவற்றுக்கும் ஆகும். பட்ஜெட் கொஞ்சம் இழுக்கும் என்றால் ஊருக்குள் ஹோம்ஸ்டே பாருங்கள். அடுத்த முறை நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.

வரிசை இங்கேயே கலைகிறது, ஏனென்றால் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. இரண்டாம் நாள் இரவு, மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. மேடையில் நாகாலாந்துக்காரர்கள், கிடாரும் டிரம்ஸும். யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ரெயின்கோட்டோடு சேற்றில் குதிக்கிறார்கள், தரையே அதிர்கிறது. அக்கா மகன் "சித்தி! சித்தி!" என்று கத்திக்கொண்டு என் கையைப் பிடித்து ஆடுகிறான். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, தொண்டை கட்டும்வரை கூடவே பாடினேன். மறுநாள் பகல் மேடையில் உள்ளூர்ப் பாட்டி ஒருவர் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடியபோது அதே கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. ஏசி அரங்கில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று எனக்கு நடந்ததே இல்லை. முன்வரிசைக்குப் போகிறவர்கள் காதில் வைக்கிற இயர்பிளக் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் காது இரைச்சல் ராத்திரி முழுக்க விடாது. பக்கத்து டென்ட்டில் விடியவிடிய பாடுவார்கள், அதற்கும் அதுதான் மருந்து.

சாப்பாடு. ஒரு நாள் காலை ஹோங் கிராமத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டோம். மூங்கில் வீடு, நடுவில் அடுப்பு, சுற்றி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மூங்கில் குழாய்க்குள் கோழியும் மூங்கில் குருத்தும் வைத்து நெருப்பில் சுட்டுக் கொடுத்தார்கள். எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, புளிப்பும் புகை வாசமும் காரமும் மட்டும். கூடவே அவர்கள் வயல் அரிசிச் சோறு, அதே வயலில் வளர்த்த மீன். அபதானிகள் நெல் நிற்கும் தண்ணீரிலேயே மீன் வளர்க்கிறார்கள், வரப்பில் கேழ்வரகு போடுகிறார்கள். ஒரு கையளவு நிலத்தைக்கூட வீணாக்காத விவசாயம். வரப்பில் கேழ்வரகுக் கதிரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள்! இந்த நிலப்பரப்பு 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. முழுப் பட்டியலுக்கே போக வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 300 கொடுத்தோம், திடல் கடையில் நூடுல்ஸுக்கு 200 வாங்குகிறார்கள். எங்கே சாப்பிட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு முகத்தில் பச்சை குத்தியிருந்தது, மூக்கின் இரு பக்கமும் வட்டக் கட்டை. 1970களோடு நின்றுபோன வழக்கம், இனி புதிதாக யாரும் போடப்போவதில்லை. கேட்காமல் கேமராவை நீட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உட்காருங்கள், பேசுங்கள், கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு: சோறும் பருப்பும் கிடைக்கும், திரும்பத் திரும்ப அதுவேதான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்னப் பாட்டில் நல்லெண்ணெய் எடுத்துப் போனால் ராஜ வாழ்க்கை. எங்கள் புளிக்காய்ச்சலை கல்கத்தாப் பிள்ளைகள்தான் தீர்த்தார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பணம் நோட்டாக, அதுவும் 100, 50 ஆக. கூட்டம் சேர்ந்ததும் நெட்வொர்க் படுத்துவிடும், ஜிபே ஓடாது, ஹபோலி ஏடிஎம் வரிசை நீளும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் நாட்கணக்கில் வரும். ஸ்டீல் டம்ளர், தண்ணீர் பாட்டில். பாராசிட்டமால், ஓஆர்எஸ், பேண்டேஜ், ஓடோமாஸ். பக்கத்து டேலி பள்ளத்தாக்குக் காட்டுக்கு நடக்கிறவர்களுக்கு அட்டைக்கு உப்புப் பொட்டலம். டாய்லெட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் இருக்காது. டிஷ்யூ, சோப்புத் தாள், சானிட்டைசர் எப்போதும் இடுப்புப் பையில் இருக்கட்டும். பெண்கள் நாப்கினும், பயன்படுத்தியதை மடித்து எடுத்துவர இருட்டு நிறக் கவரும் கொண்டுபோங்கள், அங்கே கடையில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. திரும்புகிற அன்று ஈரத் துணிக்கு ஒரு குப்பைக் கவர், கம்பூட்டுக்கு ஒன்று என்று இரண்டு மிச்சம் வையுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. விழாத் தேதி அறிவித்ததும் நாட்காட்டியில் எண்ணிக் குறித்துவைத்து, குவாஹாட்டி - நாஹர்லகுன் டிக்கெட்டை அன்று காலையே போட்டுவிடுங்கள். ஈரோட்டு டிக்கெட்கூடத் தள்ளிக் கிடைக்கும், அந்த ராத்திரி வண்டியில் விழா வாரத்துக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.