அந்தக் கட்டில் எனக்கு வேணும் ஐயா

கட்டிலை மாற்றியது பற்றி என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. வாட்டில் கட்டில் மாற்றுவது ஒரு விசயமே இல்லை. ஒப்பரேசன் முடிந்து வருகிறவர் தாதிமாரின் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தேறியவர் தள்ளிப் போக வேண்டும். அந்த ஒழுங்குப்படிதான் களுதாவளை ஐயாவையும் மாற்றினேன். ஆனால் மாற்றும்போது அவர் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஐயாவுக்கு வாய்ப் புற்றுநோய். கீழ்த்தாடையில் ஒரு பக்கம், கன்னத்தின் உட்புறம், கழுத்தில் இருந்த நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். வெட்டிய பள்ளத்தை மூட நெஞ்சுத் தசையைத் தோலோடு கிளப்பி, அதற்கு வரும் இரத்தக் குழாய் அறாமல் கழுத்துக்குள்ளால் மேலே கொண்டுவந்து வாய்க்குள் தைப்பார்கள். 1979 இல் வெளிவந்த முறை, இன்றைக்கும் எத்தனையோ பேருக்கு முகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தத் தசை உயிர் பிடிக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. முதல் இரண்டு நாளும் மணிக்கு மணி டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் வெளிறி, இரண்டு மூன்று செக்கனில் பழைய நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்தால் உடனே டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

அப்படி நான் டோர்ச்சோடு குனிந்த ஒரு தடவைதான் ஐயா கையைத் தூக்கிக் காற்றில் எழுதிக் காட்டினார். கொப்பியும் பேனையும் கேட்கிறார் என்று விளங்கியது. தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்திருந்ததால் குரல் வராது. கொப்பியில் அவர் எழுதிய முதல் வசனம்: “நெஞ்சில இருந்ததை அப்படியே வாய்க்குக் கொண்டு வந்திட்டாங்க. இனி என்னால பொய் சொல்ல ஏலாது மகள்.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நடுச்சாமம். பக்கத்துக் கட்டில் தம்பி எழும்பி, என்ன என்று கேட்டான். கொப்பியைக் கொடுத்தேன். அவன் அதைப் பல்லுக்கிடையால் வாசித்தான், அவனும் சிரித்தான்.

பல்லுக்கிடையால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தம்பி சம்மாந்துறைப் பக்கம். அறுவடை மெசின் ஓட்டுகிறவன். வெள்ளாமை வெட்டும் காலத்தில் இரவிரவாக மெசினில் நித்திரை முழிக்கப் பாக்கைப் போட்டு அடக்கிக்கொள்வானாம். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. வந்த முதல் நாளே என்னிடம் வாதாடினான்: “மிஸ், நான் புகையில போடுறல்ல, சிகரட்டுமில்ல. பாக்கு மட்டும்தான்.” இதை எத்தனை பேரிடம் கேட்டாயிற்று! புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுப்பிலேயே சொல்லியாயிற்று. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவது இந்த வாய்ப் புற்றுநோய்தான். அப்படியிருந்தும் ஊரில் பாக்கை யாரும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வாயில் வெள்ளையாக ஏதாவது படர்ந்தாலோ, வாய் முந்திப்போல் திறக்காவிட்டாலோ பல் டொக்டரிடம் காட்டுங்கள் என்று நான் கண்ட இடமெல்லாம் சொல்வேன். கலியாண வீட்டிலும் சொல்வேன். வெற்றிலைத் தட்டத்தை நீட்டுகிறவர்களுக்குக் கோபம் வருகிறதுதான்.

ஐயாவோ வெற்றிலை விற்றே குடும்பத்தை நடத்தியவர். களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைப் பற்றியும் கொப்பியில் எழுதினார்: “கொடிக்கு எத்தனை வருசம் தண்ணி ஊத்தினன், ஒருநாளும் என்னைக் கடிக்கல்ல. நான்தான் அதைக் கடிச்சன்.”

அந்தக் கொப்பி வாட்டைச் சுற்றத் தொடங்கியது. ஐயா எழுதுவார், தம்பி வாசிப்பான். மூக்கு டியூப்பால் அரைத்த கஞ்சியையும் பாலையும் சிரிஞ்சில் விடும்போது எழுதினார்: “மூக்கால சாப்பிடுறன். உப்புக் குறைவு எண்டு சொல்ல வழியில்ல. மனிசிக்கு இப்பதான் நிம்மதி.” பெரிய டொக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் “ராசா வாறார், பராக்!” என்று எழுதி நெஞ்சில் பிடித்துக்கொண்டிருந்தார். இளமையில் வடமோடிக் கூத்தில் கட்டியகாரனாக ஆடியவராம். டொக்டரே ஒரு நிமிசம் நின்று வாசித்து, தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஐயா சிரிப்பது வாயில் தெரியாது, தோளில்தான் தெரியும். அதுவும் ஒரு தோள்தான் குலுங்கும். கழுத்தில் வெட்டிய பக்கத்துத் தோளைத் தூக்கும் நரம்பு சோர்ந்துபோயிருந்தது. சிரித்தால் டியூப்பால் சளி அடிக்கும், நாங்கள் ஓடிப்போய் உறிஞ்சி எடுப்போம். அதற்காக யாரும் அவரைச் சிரிக்க வேண்டாம் என்று சொன்னதில்லை.

கொப்பியின் பின்பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கடைக்காரர் கடன் கொப்பி எழுதுவதுபோல் கோடு கீறி, மேலே ‘நன்றிக் கணக்கு’ என்று போட்டிருந்தார். ‘இரத்தம் தந்தவங்க - பேர் தெரியாது.’ ‘துடைக்க வந்த பிள்ளை - காலுக்குச் சீலை போத்தினது.’ ‘ராத்திரி மிஸ் - சளி எடுத்தது, ஏசாதது.’ கடைசியில் ஒரு வரி: ‘பக்கத்துத் தம்பி - என்ட வாய்.’

பிறகு தம்பியின் ஸ்கான் பற்றிய முடிவு வந்தது. ஐயாவுக்குச் செய்த அதே ஒப்பரேசனுக்குத்தான் அவனும் காத்திருந்தான். ஐயாவின் காயம் ஆறுவதைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடைய நாளை எண்ணிக்கொண்டிருந்தவன். கட்டி கழுத்துப் பெரிய நாடியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, வெட்டி எடுக்க முடியாது, கதிர்ச் சிகிச்சையும் மருந்தும்தான் என்று டொக்டர் பக்கத்தில் இருந்து பொறுமையாகச் சொன்னார். தம்பி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய உம்மாதான் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தா.

அன்று பின்னேரமும் கொப்பி அவனிடம் போனது. ஐயாவுக்கு விசயம் தெரியாது. தம்பி வாங்கவில்லை, மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். அடுத்த கட்டில்காரர் அதை வாங்கி வாசிக்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். இரவு நான் மருந்து கொடுக்கப் போனபோது தம்பி என் கையைப் பிடித்தான்.

“மிஸ், அவர வேற பக்கத்துக்கு மாத்துங்களன். இல்லாட்டி என்னையாவது மாத்துங்க.”

“ஏன் தம்பி?”

“அவர் தப்பின சந்தோசத்துல சிரிக்கார். நல்லம், சிரிக்கட்டும். நான் பக்கத்துல கிடந்து கேக்கணுமா?”

அதற்கு நான் என்ன சொல்ல? ஐயா தப்பிவிட்டார் என்றுகூட அப்போது யாரும் சொல்ல முடியாது. வெட்டியெடுத்ததைப் பரிசோதித்த அறிக்கை வரவில்லை, கதிர்ச் சிகிச்சை இன்னும் இருக்கிறது. ஆனால் தம்பியிடம் அதைச் சொல்வது ஆறுதலா? இன்னொருவருக்கும் நிச்சயமில்லை என்று சொல்லி ஒருவரை ஆற்றுவதா? நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

காலையில் ஐயாவின் கட்டிலுக்குப் போய், கடைசி யன்னலுக்குப் பக்கத்தில் மாற்றப் போகிறோம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கொப்பியை எடுத்து எழுதினார்: “தம்பி கேட்டவனா?”

“அந்தக் கட்டில் எனக்கு வேணும் ஐயா. புது ஒப்பரேசன் ஆள் வாறார்.”

பொய் இல்லை. ஒப்பரேசன் லிஸ்டில் உண்மையாகவே ஒருவர் இருந்தார், மத்தியானம் அந்த இடத்துக்குத்தான் வந்தார். தம்பி கேட்டிராவிட்டாலும் ஒன்றிரண்டு நாளில் ஐயாவை மாற்றியிருப்போம். ஒரு நோயாளி என்னிடம் தனியாகச் சொன்னதை இன்னொரு நோயாளியிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. இதையெல்லாம் எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் அவர் கேட்டது கட்டிலைப் பற்றி இல்லை. பேச முடியாத மனிதர் கொப்பியில் எழுதிக் கேட்ட ஒரு நேர்க் கேள்வி அது. இனிப் பொய் சொல்ல ஏலாது என்று எழுதியவர் வேறு. அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன பதில் உண்மைதான், ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு உரிய உண்மை இல்லை.

“நல்லது மகள்” என்று எழுதினார். சாமான்களை நானே தூக்கிக்கொண்டு போனேன். அப்போதுதான் கொப்பி பின்பக்கமாக விரிந்து, ‘என்ட வாய்’ என்ற அந்த வரியைக் கண்டேன்.

அதற்குப் பிறகு கொப்பி வாட்டைச் சுற்றவில்லை. தண்ணீர் வேணும், தலையணை வேணும் என்று எழுதக் கொப்பியை எடுப்பார், அவ்வளவுதான். நான் கேட்டும் பார்த்தேன், இண்டைக்குப் பகிடி ஒன்றும் இல்லையா என்று. கையை விரித்தார். தம்பி அடுத்த நாள் இரவு என்னிடம், “அவருக்குச் சுகமில்லயா மிஸ்? சத்தத்தக் காணல்ல” என்றான். சுகமாகத்தான் இருக்கிறார் என்றேன். அவன் வேறொன்றும் பேசவில்லை. அந்த வாரமே புற்றுநோய்ப் பகுதிக்கு மாற்றலாகிப் போனான்.

எங்கள் வாட்டுப் பொறுப்புச் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது, “இதுல யோசிக்க என்ன இருக்கு? சாகப் பயந்தவன்ட பக்கம்தான் நாம நிக்கணும்” என்றா. எனக்கும் அப்படித்தான் படுகிறது. சிரிக்க முடிந்தவர் எங்கே படுத்தாலும் சிரிப்பார், சிரிக்க முடியாதவனுக்கு ஓர் அமைதி வேண்டும். ஆனால் ஐயா யன்னலோரம் போனதும் சிரிப்பதை விட்டுவிட்டாரே. அவருடைய சிரிப்பு அவருக்குள் ஊறி வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கேட்கிற ஆள் இருந்ததால்தான் வந்ததா? அப்படியென்றால் நான் மாற்றியது கட்டிலை மட்டும்தானா? நோயாளி மன உறுதியோடு இருக்கிறார் என்று அவருடைய சிகிச்சைக் குறிப்பு டிக்கட்டில் எழுதுகிறோமே, அதில் பாதி பக்கத்துக் கட்டில்காரருடையதாக இருக்கக்கூடும். அதை யாருடைய பெயரில் எழுதுவது?

கிளினிக்குக்கு வந்த நாளில் ஐயாவைக் கண்டேன். டியூப் எல்லாம் எடுத்து, பேச்சு கொஞ்சம் வந்திருந்தது. கொழகொழவென்றுதான் வரும், கூர்ந்து கேட்டால் பாதி விளங்கும். வாயைத் திறந்து உள்ளே காட்டினார். நெஞ்சுத் தோல் அல்லவா, ரோமம் முளைத்திருந்தது. “சலூன்காரன்ட்ட கேட்டன் மகள். வாய்க்குள்ள சவரம் செய்யத் தனிக் காசாம்.” அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டா. கதிர்ச் சிகிச்சை தொடங்கினால் அது உதிர்ந்துவிடும் என்று சொன்னேன். சிரித்தார், அதே ஒரு தோள்.

பிறகு அவராகவே கேட்டார். “அவன்தானே கேட்டவன்?”

இந்தமுறை ஓம் என்றேன்.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க ஐயா?”

“போய்ச் சண்டை பிடிச்சிருப்பன்.”

மனைவி குறுக்கிட்டா. “இந்த மனிசன்ட கதைய நம்பாதீங்க புள்ள. கட்டில் மாத்தின அண்டு பின்னேரமே இவருக்குத் தெரியும். தம்பிட உம்மா என்னிட்ட வந்து அழுதவ. ஸ்கான் கதையும் சொன்னவ. மறுகா இவர் கொப்பியத் தொடல்ல.”

அப்படியென்றால் கொப்பியை மூடியது என்னுடைய பதிலால் இல்லை. அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் நான் கஷ்டப்படக் கூடாது என்று காட்டிக்கொள்ளாமல் இருந்தாரா, அல்லது நான் சொல்லாததை ஒரு கணக்காக மனதில் வைத்திருந்தாரா என்று விளங்கவில்லை. சண்டை பிடிச்சிருப்பன் என்றது பகிடியா, நிசமா என்பதும் விளங்கவில்லை. வெளியே இலக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அடுத்த ஆள் கதவைத் திறந்துவிட்டார்.

எழும்பும்போது ஐயா கேட்டார், “தம்பிக்கு எந்த நாள் கிளினிக்?”

இன்னொரு நோயாளியின் நாளை நான் சொல்லக் கூடாது. அன்றைக்கு எந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ, அதே ஒழுங்குதான். சொன்னேன், வியாழக்கிழமை என்று. ஏன் சொன்னேன் என்று கேட்டால் அவருக்குப் பட்ட கடனை அடைத்தேன் என்பேன். தம்பி கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியாது.

“என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பினான் எண்டா?”

“எழும்பி வந்திடுங்க ஐயா. கதைக்கப் போகாதீங்க.”

“ஓம் மகள், வந்திடுவன்” என்றார். மனைவியிடம் கொப்பியை வாங்கி, பின்பக்கத்தைத் திறந்து, வியாழன் என்று குறித்துக்கொண்டார்.